எடை குறைக்க வீகனா, பால் சேர்த்த சைவமா, பேலியோவா?

எடை குறைப்பு என்று பேச்செடுத்தால் இன்று மூன்று கட்சி. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் கூடாது என்கிற வீகன். இறைச்சியைத் தொடாமல் பால் பொருட்களை வைத்துக்கொள்ளும் நம்மூர்ச் சைவம். அரிசி, கோதுமை, பருப்பு வரை தள்ளிவிட்டு முட்டை, இறைச்சி, பனீர், பாதாம் என்று போகும் பேலியோ. எது சிறந்தது என்பதற்கு முன், கேட்கிறவர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

ஏற்கனவே சைவமாக இருப்பவர் வீகனுக்கு மாறினால் என்ன குறையும்? ஒரு டீயில் 100 மில்லி டோன்டு பால் என்றால் சுமார் 60 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை இன்னொரு 40. பாலை நிறுத்திக் கட்டஞ்சாயா குடித்தாலும் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் மத்தியானத் தட்டு: குவித்த சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மேலே விடும் நெய்யை நிறுத்திவிட்டால் அத்தனையும் சுத்த வீகன். பூரியும் நேந்திரங்காய் சிப்ஸும்கூட வீகன்தான். தட்டைவிட்டுப் போனது நெய்யும் தயிரும் மட்டும், தயிரோடு இருந்த கொஞ்சநஞ்சப் புரதத்தில் ஒரு பங்கும் போயிற்று. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலை ஊற்றுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். கெட்டியான முதல் பால் 100 மில்லியிலேயே 200 கலோரியைத் தொடும். புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது சர்க்கரை சேர்க்காத சோயா பால்தான்.

பிரியாணி, சுக்கா, பொரித்த கோழி என்று வாழ்கிறவருக்குக் கணக்கு வேறு. 2023ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 22 ஜோடி ஒத்த இரட்டையரை எடுத்து, ஒருவருக்கு வீகன், மற்றவருக்கு அசைவமும் கலந்த ஆரோக்கியமான சாப்பாடு என்று 8 வாரம் வைத்திருந்தார்கள். வீகன் பக்கம் சராசரியாகச் சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்தது, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பும் நன்றாக இறங்கியது. ஆனால் எட்டே வாரம், ஆட்களும் குறைவு.

பேலியோவின் பலம் வேகம். முதல் வாரத்திலேயே எடை மெஷின் முள் இறங்குவதைப் பார்த்து ஆள் குஷியாகிவிடுவார். அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் இருக்கும். மாவுச்சத்து நின்றால் இரண்டும் சேர்ந்தே வெளியேறும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2021ல் வெளியிட்ட ஆய்வு இங்கே சுவாரசியமானது. 20 பேருக்குக் கொழுப்பு குறைந்த தாவர உணவு இரண்டு வாரம், மாவுச்சத்து மிகக் குறைந்த அசைவ உணவு இரண்டு வாரம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தாவர உணவின்போது நாளுக்கு 550 முதல் 700 கலோரி வரை தாங்களாகவே குறைத்துச் சாப்பிட்டார்கள். அதே சமயம் ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் ஏறியது அந்த உணவில்தான். சர்க்கரை நோயாளிகளைப் பேலியோ இழுப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

நீண்ட ஓட்டத்தில்? ஸ்டான்ஃபோர்டின் 2018 ஆய்வில் 609 பேர், ஒரு வருடம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். வித்தியாசம் பெயருக்குத்தான்.

என்னைக் கேட்டால், நம் சமையலறையில் வீகன் ஜெயிக்கும் இடம் சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து. அதே அளவு சோற்றில் புரதம் 3 கிராம்கூட வராது. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் சோற்றைப் பாதியாக்கி மீல் மேக்கர் குழம்பும் கீரைக்கூட்டும் என்று வைத்தால் பசி தாங்கும். தேங்காயை மட்டும் அளவாகப் போடுங்கள்! சரி, இதையே ஒரு கப் தயிரோடு செய்தாலும் எடை குறையும். ஆகவே எடை ஒன்றே நோக்கம் என்றால் பால் சேர்த்த சைவமே சுலபம். மாடுகள் மீதுள்ள அக்கறையும் சேர்ந்திருந்தால் வீகனில் நிற்பது எளிது.

வீகன் பக்கம் போகிறவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது, தாவர உணவில் அது கிடைக்காது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கனவே பி12 குறைய வாய்ப்பு உண்டு, அவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் பேலியோவில் குதித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.