ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்து எட்டு மாதம்

போன வாரம் நண்பர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்டார்: "ஹைப்பர்த்ரெடிங்கை அணைச்சேன். முன்னாடி சிபியு பயன்பாடு 50 சதவீதம் காட்டின அதே வேலைக்கு இப்போ 100 காட்டுது. ப்ராசஸர் போயிடுச்சா?"

போகவில்லை. முன்பு காட்டிய 50-ஐ நம்பியதுதான் தப்பு. ஹைப்பர்த்ரெடிங் என்பது ஒரே கோரை (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு தனி அலகு) இயங்குதளத்துக்கு இரண்டு சிபியுவாகக் காட்டும் இன்டெல் வசதி. நானும் அதில் பல வருஷம் ஏமாந்திருக்கிறேன்.

என்னுடையது இன்டெல் ஐ7-7700 ப்ராசஸர், லினக்ஸ் இயங்குதளம். 4 கோர், 8 த்ரெட் (கோருக்கு இரண்டு). தினமும் வீடியோ சுருக்கும் வேலை உண்டு. ஒரு கோப்புக்கு ஒரு த்ரெட் என்று நான்கை ஓடவிட்டால் 'டாப்' என்ற கண்காணிப்பு நிரலின் திரையில் மொத்த சிபியு பயன்பாடு 50-ஐ ஒட்டி நிற்கும். பாதி மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்று இன்னும் நான்கைச் சேர்ப்பேன். உடனே முதல் நான்கும் நொண்ட ஆரம்பிக்கும். எத்தனை ராத்திரி இதற்காக டிஸ்க்கைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

இயங்குதளம் அளப்பது நேரத்தை மட்டும்தான். ஒரு லாஜிக்கல் சிபியுவில் (இயங்குதளம் தனி சிபியுவாக எண்ணும் த்ரெட்டில்) ஐடில் டாஸ்க், அதாவது வேலை இல்லாதபோது ஓடும் வெற்று நிரல், ஓடாத நேரமெல்லாம் வேலை நேரம். '/ப்ராக்/ஸ்டாட்' கோப்பைத் திறந்தால் சிபியுவுக்கு ஒரு வரியாக அந்தக் கணக்கு இருக்கும், நொடியில் நூறில் ஒரு பங்கு அலகில். கோர் ஒன்றுதான், கணக்குப் போடும் மின்சுற்றுகளும் எல்1 கேஷும் (கோருக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) இரண்டு த்ரெட்டுக்கும் பொது. ஆனால் கணக்கில் இரண்டு முழு சிபியு. 2002-ல் இந்த வசதி வந்தபோதே சொன்ன லாபம் 30 சதவீதம் வரைதான். அதையே முழுசாக வைத்துக்கொண்டாலும், ஹைப்பர்த்ரெடிங் இல்லாத திறன் 100 என்றால் இருப்பது மொத்தம் 130; நான்கு கோரும் நிறைந்துவிட்டால் அந்த 130-ல் 100 போயாச்சு. அதாவது 77 சதவீதம். திரையோ 50 என்கிறது.

அணைத்ததும் எட்டு வரி நாலாகிவிட்டது. நான்கு வேலை என்றால் 100. அதற்கு மேல் இடமில்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது. லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேலைகள் வரிசையில் காத்து நிற்கின்றன என்று அர்த்தம். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த எண்ணைப் பார்த்துக் குழம்பவில்லை, அந்த நிம்மதி பெரிசு. மெமரியிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரமும் இன்னும் 'வேலை' என்றே பதிவாகிறது. அது வேறு கதை.

சரி, நஷ்டம்? அதே எட்டுக் கோப்புகள் முன்பு 41 நிமிடத்தில் முடிந்தன, இப்போது 52. இது சின்ன விஷயமில்லை. கணக்குப் பார்த்தால் ஹைப்பர்த்ரெடிங்கைத் திரும்பப் போட்டுவிடுவதுதான் சரி. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) அணைத்திருக்காவிட்டால் அங்கே போகக்கூட வேண்டாம், லினக்ஸ் கெர்னல் 4.19-லிருந்து எஸ்எம்டி (ஹைப்பர்த்ரெடிங்கின் பொதுப் பெயர்) கண்ட்ரோல் கோப்பில் ஒரு சொல் எழுதினால் போதும்.

நண்பரிடம் அதைத்தான் சொன்னேன்: "போட்டுக்கோங்க, ஆனா 50-ஐப் பார்த்தா முக்கால்வாசி போயாச்சுன்னு எடுத்துக்கோங்க." நான் மட்டும் போடவில்லை. அந்தப் பதினோரு நிமிடம் போனால் போகட்டும்.