டெல்ஃப்ட்டா, ஐந்தோவனா?

நெதர்லாந்தில் பொறியியல் முதுநிலை படிக்க நினைப்பவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு ஊர்களின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில்தான். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டால் உடனே தரவரிசைப் பட்டியலைத் திறக்கிறார்கள். டெல்ஃப்ட் மேலே இருக்கும், அதோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேடுவதற்காக அந்நாட்டு அரசு ஒரு வருடம் தங்க அனுமதி தருகிறது. டச்சில் அதற்கு ஸூக்யார், அதாவது தேடும் வருடம் என்று பெயர். அந்த வருடத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம் என்று யோசித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எந்த ஊர் என்பது தெரிந்துவிடும்.

பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்திலும் 2 வருடம், 120 கிரெடிட், பாடம் ஆங்கிலத்தில். வருடத்தை நான்காக வெட்டி வைத்திருப்பதால் பத்து வாரத்துக்கு ஒருமுறை தேர்வு வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் வருடத்துக்கு 20,000 ஈரோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். பக்கத்து இருக்கையில் இருக்கும் டச்சுப் பிள்ளை கட்டுவது சுமார் 2,500. மதிப்பெண் பத்துக்குத்தான். 6 தேர்ச்சி, 8 வாங்கினால் நன்று. 90-க்குக் குறையாமல் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் 7 வந்தால் இடிந்து போகிறார்கள். வேண்டாம், அது நல்ல மதிப்பெண்.

சரி, டெல்ஃப்ட். 1842-ல் தொடங்கியது. வானூர்தி, விண்வெளிப் பொறியியல் என்றால் பேச்சே இல்லை, இங்கேதான். ஐந்தோவனில் அந்தத் துறையே கிடையாது. நீர், கரை, அணை சார்ந்த படிப்புக்கும் அப்படித்தான். 1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் இறந்தபின் அந்த நாடு கட்டியெழுப்பிய அறிவின் நடு வீடு இந்த ஊர். டெல்டாரெஸ் ஆய்வு நிலையம் இங்கே 300 மீட்டர் நீளத் தொட்டியில் ஆள் உயரத்துக்கும் மேலான அலைகளை எழுப்பி, கரைமேல் மோதவிட்டுப் பார்க்கிறது. இதைப் படித்துவிட்டு அங்கேயே வேலை செய்ய ஆசைப்பட்டால் ஒன்றை மறக்கக் கூடாது. வெள்ளத் தடுப்பையும் நீரையும் பார்த்துக்கொள்ளும் நீர் வாரியங்களும் நகராட்சிகளும் டச்சில்தான் இயங்குகின்றன. முதல் மாதத்திலிருந்தே மொழி கற்காதவர்கள் தேடும் வருடத்தில் திணறுவார்கள்.

ஐந்தோவன் பல்கலைக்கழகம் 1956-ல் வந்தது. ஊரோ, 1891-ல் பிலிப்ஸ் நிறுவனம் அங்கே தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. சிப் அச்சிடும் இயந்திரம் செய்யும் ஏஎஸ்எம்எல் பக்கத்து ஊரான ஃபெல்தோவனில். சிப் தயாரிக்கும் என்எக்ஸ்பி ஊருக்குள்ளேயே. ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் வளாகம். இந்த நிறுவனங்களில் அலுவலக மொழி பெரும்பாலும் ஆங்கிலம். பயிற்சிக்கோ ஆய்வேட்டுக்கோ உள்ளே போனால், படிப்பு முடியும் முன்பே உங்கள் முகம் அங்கே பழகியிருக்கும். எலக்ட்ரானிக்ஸ், ஒளியியல், மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவியலும் சேர்ந்த துறை) ஆட்களுக்கு நான் தயங்காமல் ஐந்தோவன் என்பேன்.

அப்புறம் கணினி அறிவியல், இயந்திரவியல். இவை இரண்டு ஊரிலும் நன்றாகவே இருக்கின்றன. இங்கே முடிவைத் தீர்மானிக்க வேண்டியது தங்க அறை கிடைக்கிறதா என்பதுதான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. முகவரி இல்லாமல் நகராட்சியில் பதிய முடியாது, பதியாமல் அரசு தரும் குடிமக்கள் எண் வராது, அந்த எண் இல்லாமல் சம்பளம் வாங்கும் வேலைக்கும் வழியில்லை. (வேலை கிடைத்தாலும் பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 16 மணி நேரம்தான், அதற்கும் முதலாளி அரசிடம் அனுமதி வாங்க வேண்டும்.) டெல்ஃப்ட்டில் இடநெருக்கடி கடுமை, ஐந்தோவனிலும் லேசாக இல்லை. தனியாரிடம் போனால் அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் ஒரு மாலை கூப்பிட்டு, பெண் பார்ப்பதுபோல் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். தூரத்தில் இருப்பவருக்கு அது எட்டாது. விளம்பரத்தில் 'வெற்று அறை' என்று போட்டிருந்தால் கட்டில் மட்டுமல்ல, தரைவிரிப்பும் இருக்காமல் போகலாம், சிமெண்டுத் தளம்தான்.

இரண்டு இடத்திலும் சேர்க்கை உறுதியானதும் பல்கலைக்கழகம் வழியாகவே அறைக்குப் பதிய ஒரு மின்னஞ்சல் வரும். அது வந்த அன்றே பதியுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அறையைக் காட்டாமலே முன்பணம் கேட்கிறவருக்கு மட்டும் ஒரு ஈரோகூட அனுப்பாதீர்கள்.