கார்த்தியேயின்ர கப்பல் மாலுமியோட ஒரு பின்னேரம்: கட்டாயம் போய்ப் பாருங்கோ

பிரெஞ்சுக்காரர் முதல்முதல் கனடாப் பக்கம் போன காலத்தை அந்தக் காலத்து உடுப்போட நடிச்சுக் காட்டினவை, கொழும்பு 7 பக்கம் ஒரு மண்டபத்தில. பிள்ளையளோட போய்ப் பாத்தம், உண்மையா நல்லா இருந்திச்சு. ஷாக் கார்த்தியே எண்ட பிரெஞ்சுக் கடலோடியின்ர கப்பல்ல வந்த மாலுமி எண்டு ஒருத்தர் கம்பளிச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சனத்துக்கு நடுவில நடந்து நடந்து கதைக்கிறார், நாங்கள் என்ன கேட்டாலும் 1536இல இருக்கிற ஆள் மாதிரியே பதில் சொல்றார்.

1534இல கனடாவின்ர கிழக்குக் கரையில இருக்கிற கஸ்பேயில கார்த்தியே சிலுவை நட்டதை எல்லாம் கெதியா முடிச்சிட்டார், அது சரிதான், ஏனெண்டா விசயமே அடுத்த பயணத்துக் குளிர்காலத்திலதான் இருக்கு. இப்ப கியூபெக் நகரம் இருக்கிற இடத்துக்குக் கிட்ட கப்பல் பனியில இறுகி நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் அசையேலாமல் கிடந்தது, 110 பேரில 25 பேர் ஸ்கர்வி எண்ட, விற்றமின் சி குறைஞ்சு வாற வருத்தம் வந்து செத்துப்போச்சினம். ஆக்கள் இப்பிடி விழுந்து கிடக்கிறது வெளியில அந்த ஊர்ப் பழங்குடி ஆக்களுக்குத் தெரியக்கூடாதெண்டு கார்த்தியே கப்பலுக்குள்ள தட்டிச் சத்தம் போடச் சொன்னதை அவர் பலகையில தட்டித் தட்டிக் காட்டேக்க மண்டபமே அமைதியாயிட்டுது. ஒரு சின்னப்பிள்ளை "ஏன் பல்லு ஆடுது?" எண்டு கேக்க "இந்த ஊர்க் காத்து சரியில்லை பிள்ளை" எண்டார், விற்றமின் சி எண்ட கதையே தெரியாத காலமெல்லோ, அந்தப் பதிலுக்காகவே திரும்பப் போகலாம். கடைசியில டொமகாயா எண்ட அந்த ஊர்ப் பழங்குடி ஆள் சொல்லிக் குடுத்த மரத்தின்ர இலையையும் பட்டையையும் அவிச்சுக் குடிச்சுத்தான் மிச்சப்பேர் தப்பினது.

எனக்கு மனசுக்கு ஒத்துவராத இடம் இதுக்குப் பிறகுதான். அந்த டொமகாயாவையும் தகப்பன், ஊர்த்தலைவர் டொன்னகோனாவையும் சேத்துப் பத்துப் பேரை கார்த்தியே பிரான்சுக்குப் பிடிச்சுக்கொண்டு போனவர், ஒருத்தரும் ஊர் திரும்பேல்லை, 1541இல கார்த்தியே திரும்பக் கனடாவுக்குப் போய், டொன்னகோனா செத்ததைச் சொல்லிப்போட்டு, மற்றவை அங்க பிரபுக்கள் மாதிரி இருக்கினம், வர விருப்பமில்லையாம் எண்டு பொய்யும் சொன்னவர். மருந்து சொல்லி உயிர் காப்பாத்தின ஆக்களுக்கு நடந்ததை இந்த நடிப்பில ஒரே வசனத்தில கடந்து போறது சரியில்லை. ஒரு மாலுமி வாயாலயே இதைச் சொல்லலாம், அவரும் பாத்துக்கொண்டு நிண்டிருப்பார் தானே.

திருகோணமலைக்கும் 1672இல பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தது, டச்சுக்காரர் அவையின்ர ஆக்களைப் பிடிச்சது, ரெண்டாம் ராஜசிங்கன் பிரெஞ்சுத் தூதரைக் கண்டியில மறிச்சு வைச்சது எண்டு எங்கட பக்கத்துக் கதையும் கிடக்கு. இதே குழு அதையும் எடுத்துச் செய்தால் முதல் ஆளா ரிக்கெட் எடுப்பன்.

மைக் இல்லை, ஏசிச் சத்தத்தில பின்னால இருந்தவைக்குப் பாதி கேக்கேல்லை, அதால வெள்ளெனப் போய் முன்னுக்கு இருங்கோ. பேச்சு முழுக்க இங்கிலிஷ், சின்னப்பிள்ளையளுக்கு நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்க வேண்டி வரும்.