பட்டன் அப்படியே இருக்கிறது, மேல்துணி கிழிந்துவிட்டது

நான் நடக்கப் போட்டுக்கொள்வது ஒரு ட்ரெயில் ரன்னிங் ஷூ, அதாவது காட்டுப் பாதையில் ஓடுவதற்கான ஷூ. அதன் எடை, ட்ராப் (குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்), ஃபோம் உயரம் எல்லாம் ஏற்கெனவே எல்லாரும் அலசியாகிவிட்டது. அதற்குள் நான் அதிகம் போகவில்லை. முக்கியமாக ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுண்டுவிரல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கம், நடக்கும்போது ஷூ மடிகிறதே, அந்த மடிப்பு. என் ஷூவில் அது மறுபடியும் கிழிந்துவிட்டது. தைத்து முடித்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் காட்டமாகவே இருக்கும்.

கிழிசல் பெரிதில்லை, கட்டைவிரல் நகம் அளவுதான். வலைத்துணியின் மேல் வலுவுக்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்களே, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பிளவு ஓடியிருக்கிறது. விரித்துப் பார்த்தால் இழைகள் ஒரே வெட்டாக அறுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் நுனியில் பஞ்சாகப் பிரிந்திருக்கிறது, நடுநடுவே நைசான மண் அப்பியிருக்கிறது. கல்லில் மாட்டிக் கிழிந்திருந்தால் ஷூவைக் குறை சொல்ல மாட்டேன். இது அப்படியில்லை, நடந்து நடந்தே தேய்ந்து அறுந்தது.

அதே ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி ரப்பரில் பிடிப்புக்காகத் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் எல்லாம் நிற்கிறது. குதிகாலின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மழுங்கல், முன்பாதத்துக்கு நடுவில் பட்டனின் விளிம்பு உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஈரப் பாறையில் இன்னும் நம்பி மிதிக்கலாம். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் மிருதுவாக இருக்கும், மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதுதான் வழக்கம். இதில் பிடிப்பும் இருக்கிறது, தேய்மானமும் குறைவு. அந்த ரப்பரைச் செய்தவர்களை மனசாரப் பாராட்டுகிறேன். குதிகால் பக்கத்து உள் லைனிங்கும் ஓட்டை விழாமல் தாங்கியிருக்கிறது. விரல் நுனியில் இருக்கும் ரப்பர் மூடி ஓரமாக லேசாகப் பிரிந்தது, ஒரு சொட்டுப் பசையில் சரியாகிவிட்டது.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தோல் பூட்ஸில் ஒன்று 600 கிராமுக்குக் குறைவாகக் கிடைப்பதே அரிது, இது அதில் பாதிதான். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் நடக்கச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். காலையில் இது தெரியாது. சாயங்காலம் கடைசி ஏற்றத்தில் காலைத் தூக்கி வைக்கும்போது நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஈரம். ஓடையில் இறங்கி ஏறினால், நடக்க நடக்கவே தண்ணீர் பிதுங்கி வெளியே போய்விடுகிறது. வெயில் இருந்தால் சில மணி நேரத்தில் காய்ந்தும் விடுகிறது. நீர்புகாப் படலம் வைத்த ஷூவில் இந்தச் சுகம் கிடையாது. கணுக்கால் வழியாக ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது வெளியே வர வழியில்லை, மறுநாள் காலையும் ஈர ஷூவைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். பாதம் ஊறினால் கொப்புளம் வரும். இந்த ஷூவில் எனக்குக் கொப்புளத் தொல்லை ஏறக்குறைய இல்லாமலே போனதற்கு அந்த வலைத்துணிதான் காரணம். கிழிவதும் அதே துணிதான்.

ஏன் அந்த இடத்திலேயே கிழிகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். அடி எடுத்து வைக்கும்போது குதிகால் எழும்புகிறது, விரல்கள் மட்டும் தரையில் நிற்கின்றன. ஷூ அப்போது விரல்களுக்குப் பின்னால் மடிகிறது. பாதத்தின் அகலமான பகுதியும் அங்கேதான் இருப்பதால் அது உள்ளேயிருந்து துணியைத் தள்ளுகிறது. முதுகில் மூட்டை இருந்தால் பாதம் இன்னும் பரவும், நாள் முழுக்க நடந்தால் வீங்கவும் செய்யும். நீள நடைக்கு அரை அளவு பெரிதாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். சரிவில் குறுக்காக நடக்கும்போது உடம்பின் பாரம் பாதத்தை ஷூவின் பக்கச் சுவரில் கொண்டுபோய்ச் சாய்க்கிறது.

இதையெல்லாம்கூடத் துணி தாங்கியிருக்கும். சிக்கல் அந்தப் பிளாஸ்டிக் படலத்தில் இருக்கிறது. படலம் விறைப்பு, துணி மிருது. இரண்டும் சேரும் கோட்டில் மடிப்பு விழுந்தால், பரவலாக நடக்க வேண்டிய வளைவு முழுக்க அந்தக் கோட்டிலேயே நடக்கிறது. அதோடு மண் சேர்கிறது. வலைக்கண்களில் நுழைந்த மணல்துகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அரம். மடிகிற ஒவ்வொரு முறையும் இழையை ராவுகிறது. கணுக்காலைச் சுற்றி ஷூவின் வாயை மூடும் துணி உறையான கெய்ட்டர் போட்டால் மேல்வாய் வழியாக மண் விழாது. ஆனால் துணியின் கண் வழியாகப் புகும் பொடிமண்ணை அது தடுக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,400 அடி வைக்கிறோம், ஒரு காலுக்கு 700. 700 கிலோமீட்டர் நடந்தால் ஒரு ஷூ கிட்டத்தட்ட 5 லட்சம் தடவை அதே இடத்தில் மடிகிறது. சரியாக அந்த இடத்தில்தான் படலத்தின் ஓரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் முன்னால் முடித்திருக்கலாம், இல்லை மடிப்பைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோயிருக்கலாம். ஷூ எங்கே மடியும் என்பது ஷூ செய்கிறவர்களுக்குத் தெரியாதா?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இது ஓடுகிறவர்களுக்காகச் செய்த ஷூ. ஓட்ட ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுளே 500 முதல் 800 கிலோமீட்டர்தான், என் ஷூ அந்த எல்லைக்குள் வந்த பிறகுதான் கிழிந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். முழுப் பாதையையும் நடக்கிறவர்கள் வழியில் நாலைந்து ஜோடி மாற்றுவது அங்கே சாதாரணம். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற அம்மையார் தம் 67-ஆவது வயதில் அந்தப் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ. அவரும் பல ஜோடிகளைத் தேய்த்துத்தான் போய்ச் சேர்ந்தார். பூட்ஸும் என்றென்றைக்கும் உழைப்பதில்லை. சோலுக்கு மேலே பாலியூரித்தேன் ஃபோமால் ஆன நடு அடுக்கு வைத்த பூட்ஸைப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்திலேயே சில ஆண்டுகளில் அந்த அடுக்கு உளுத்துவிடும். மேலே தோல் புதுசு போல இருக்கும், போட்டு நடந்தால் சோல் கழன்று வந்துவிடும்.

இவ்வளவு நியாயம் பேசியும் கோபம் தணியவில்லை. ஆயுள் குறைவு என்பதல்ல என் குறை. எல்லாப் பாகமும் சேர்ந்து தேய்ந்திருந்தால் நன்றி சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்கியிருப்பேன். இங்கே ரப்பருக்கு இன்னும் பாதி ஆயுள் பாக்கி இருக்கிறது. தைத்த பூட்ஸில் சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், மேல்தோல் ஒன்றுக்கு மேற்பட்ட சோல்களைப் பார்க்கும். இது முழுக்கப் பசையில் ஒட்டியது. மேல்துணி போனால் அதை மட்டும் மாற்ற வழியே இல்லை. சில கிராம் துணிக்குக் கஞ்சத்தனம் பட்டதில் அருமையான ரப்பரும் ஃபோமும் குப்பைக்குப் போக வேண்டுமா?

ஃபோம் பற்றி ரெண்டு வரி. இதில் இருப்பது இ.வி.ஏ. என்ற இலேசான பிளாஸ்டிக் ஃபோம். பக்கவாட்டில் படுக்கைவாக்கில் சுருக்கம் விழ ஆரம்பித்திருக்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால் புதுசில் இருந்த எதிர்ப்பு இல்லை. கூரான கல்லை மிதித்தால் உள்ளங்காலுக்குத் தெரிகிறது. ஓடுகிறவர்கள் இந்த நிலையில் மாற்றிவிடுவார்கள். ஓட்டத்தில் பாதத்தில் விழும் அடி உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நடையில் அது உடல் எடையைவிடச் சற்றே கூடுதல், அதனால் நடக்க இந்த ஃபோம் இன்னும் போதும். ஈர ஷூவை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து மட்டும் காயவைக்காதீர்கள். ஃபோம் சுருங்கும், பசை இளகும்.

தையலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த ஷூவை வைத்திருக்கிற எல்லாருக்கும் தேவைப்படப் போகிறது. முதலில் கழுவ வேண்டும். பழைய டூத்பிரஷால் மடிப்பில் இருக்கும் மண்ணை முழுக்க எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். மண்ணை உள்ளே வைத்துத் தைத்தால் அது தைத்த நூலையும் ராவும். கிழிசலின் ஓரத்திலேயே குத்தினால் பஞ்சாகிப்போன இழை தாங்காமல் பிய்ந்துவிடும், அரை சென்டிமீட்டர் தள்ளி நல்ல துணியில் குத்துங்கள். வளைந்த ஊசி இருந்தால் ஷூவுக்குள் கைவிட்டு வாங்குவது சுலபம். நூலுக்கு, பல் இடுக்கில் விடுகிற நைலான் நூல் போதும், சுலபத்தில் அறாது. உள்பக்கம் ஒரு துண்டு மெல்லிய நைலான் துணி வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு, மேலே யூரித்தேன் பசையை மெல்லிசாகப் பூசி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். நொடியில் ஒட்டுகிற பசை வேண்டவே வேண்டாம். அது காய்ந்ததும் விறைத்துப்போகும், ஏற்கெனவே படலம் செய்த வேலையை இதுவும் செய்யும்.

போன தடவை இப்படித் தைத்த இடம் இன்றுவரை அசையவில்லை. இந்தத் தடவை கிழிந்தது அதற்கு ஒரு விரற்கடை முன்னால், அதே படலத்தின் ஓரத்தில். ஷூ புதுசாக இருக்கும்போதே அந்த ஓரம் முழுக்கப் பசையைப் பூசிவிட்டால், மண் இழைக்குள் போகாமல் கிழிசல் வெகுவாகத் தள்ளிப்போகும். நீள நடை நடப்பவர்கள் பலர் புது ஷூவில் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். பயன்படுகிற யோசனைதான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் வாங்குகிறவரே ரிப்பேர் பார்க்க வேண்டியிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு மாதம் தொடர்ந்து நடக்கப் போகிறார். நான் இதுவரை எழுதியதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாராட்டுதான் மிஞ்சும். இருந்தும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். “நீங்க இதைப் போட்டுக்கிட்டுத்தானே இவ்வளவு தூரம் நடந்தீங்க?” என்றார். நடந்தேன்தான். ஒரு நாள், ரெண்டு நாள் நடைக்கு இதைவிட நல்ல ஷூ நான் போட்டதில்லை, கிழிந்தால் திரும்பி வந்து தைத்துக்கொள்ளலாம். அவருக்கு இருபதாம் நாள் கிழிந்தால் பக்கத்தில் கடையும் இருக்காது, பசை காய ஒரு நாள் உட்காரவும் முடியாது. ஓட்டை வழியாக மண் போய் சுண்டுவிரலை உரசத் தொடங்கினால் அடுத்த நாளே நடை கெட்டுவிடும்.

கடைக்குப் போகும்போது ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, நுனிக்காலில் நின்று, சுண்டுவிரல் பக்கம் எங்கே மடிகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். மடிப்பு படலத்தின் ஓரத்தில் விழுந்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு விலை இறங்கியிருந்தாலும் சரி. மடிகிற இடத்தில் ஒட்டுப்போட்டது எதுவும் இல்லாமல், கொஞ்சம் கெட்டியான, நெருக்கமாக நெய்த துணி தொடர்ச்சியாக ஓடினால் அதை எடுக்கலாம். அதன் எடை 30 கிராம் கூடுதலாக இருக்கும். 100 கிராமுக்கு 1 சதவீதம் என்றால் 30 கிராமுக்கு எவ்வளவு? ஒரு மாத நடைக்கு அந்த எடையை நான் யோசிக்காமல் சுமப்பேன்.