திராட்டில் சென்சார் விட்டு விட்டு மக்கர் செய்கிறதா? முள் மீட்டர், டிஜிட்டல் மீட்டர், ஸ்கேனர், ஸ்கோப்: எது பிடிக்கும்?

நாலாவது கியரில் 45 கிலோமீட்டர் வேகத்தில் சீராக மிதித்துக்கொண்டு போகும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டும். அடுத்த நொடியே எதுவும் நடக்காததுபோல் ஓடும். சிக்னலில் நின்றால் ஐட்லிங் ஏறி இறங்கும், சில நாள் ஆஃப் ஆகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் வரவே வராது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் வந்த ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற, ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்கும் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் வண்டிகளில் இப்படி நடந்தால் சந்தேகப் பட்டியலில் திராட்டில் பொசிஷன் சென்சார் மேலேயே இருக்கும். இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்வது இதுதான்.

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் ஒரு விஷயம். சென்சாரின் கப்ளரைக் (ஒயர்களை மாட்டும் இணைப்பைக்) கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். கழற்றி மாட்டும்போது பின்களில் ஏறியிருந்த களிம்பு உரசிப் போய்விடும். கோளாறு இரண்டு வாரம் ஒளிந்துகொள்ளும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். கப்ளர் மாட்டியபடியே, அதன் பின்பக்கம் ஒயர் நுழையும் ரப்பர் ஓரமாக மெல்லிய குண்டூசியைச் செருகி அளவெடுங்கள். ஒயரின் தோலைக் குத்தக் கூடாது. குத்திய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, ஆறு மாதத்தில் செம்பு பச்சை பூத்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு கார்பன் தடமும் அதன்மேல் ஓடும் தொடுமுனையும்தான். மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், ஈசியூவுக்கு அளவைக் கொண்டுபோகும் சிக்னல். கால் எடுத்த நிலையில் சிக்னல் பெரும்பாலும் 0.5 முதல் 0.9 வோல்ட்டுக்குள் இருக்கும், முழுதாக மிதித்தால் 4 வோல்ட்டை ஒட்டிப் போகும். சரியான எண்ணை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓடும் வண்டியில் கால் பெரும்பாலும் முதல் கால்வாசித் திறப்பிலேயே இருப்பதால் தடம் அங்கேதான் தேயும். தேய்ந்த இடத்தில் தொடுமுனை சில மில்லிநொடி தொடர்பை விடும். ஆகவே அந்தச் சில மில்லிநொடியை எந்தக் கருவியின் கண் பார்க்கும் என்பதை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஜிட்டல் மீட்டரும் முள் மீட்டரும்

சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், அதையும் சராசரி எடுத்துத்தான் காட்டும். 1.2 வோல்ட் 20 மில்லிநொடி பூஜ்யத்துக்கு விழுந்தால், ஒன்று திரையில் தெரியவே தெரியாது, அல்லது 0.9 என்று ஒரு தடவை மின்னிப் போகும். இந்த வேலைக்கு இது போதாது. ஆனால் நிலையாக நிற்கும் அளவுகளுக்கு இதைவிட நல்லது இல்லை. சாவியை ஆன் செய்து 5 வோல்ட் ஒயரைப் பாருங்கள். சென்சாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சென்சாரை விட்டுவிட்டு எர்த்தைத் தேடுங்கள்.

முள் மீட்டரைப் பழசு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் சிக்னல் ஒயரில் அதை மாட்டி, ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் மிக மெதுவாக, நாலைந்து நொடி எடுத்து இழுத்துப் பாருங்கள். நல்ல சென்சாரில் முள் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஏறும். தேய்ந்த இடம் வந்ததும் ஒரு துடிப்பு துடிக்கும். திரும்பத் திரும்ப இழுத்தும் அதே இடத்தில் துடித்தால் தடம் போய்விட்டது. முகப்பில் வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று அச்சிட்ட மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். 2,000 ஓம் மீட்டர் சிக்னலையே இழுத்துக் குறைத்துக் காட்டும். ஐந்து மில்லிநொடி விழுகையை இந்த முள்ளும் விழுங்கிவிடும், அது இதன் எல்லை.

ஸ்கேனர்

ஈசியூவோடு இணைந்து அதிலுள்ள அளவுகளைத் திரையில் காட்டும் கருவி இது. இதன்மேல்தான் மக்களுக்கு நம்பிக்கை அதிகம், ஏமாற்றமும் அதிகம். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான பழுதறியும் முறையான ஓபிடி 2 இந்தியாவில் கட்டாயமானது ஏப்ரல் 2013-இல். அதற்கு முந்தைய பல வண்டிகளில் மொபைலோடு சேரும் கைக்கடக்கமான ப்ளூடூத் ஸ்கேனரான ஈஎல்எம்327 இணைப்பே எடுக்காது, கம்பெனிக்கான தனி ஸ்கேனர்தான் வேண்டும். இணைந்தாலும் பழைய கே-லைன் என்ற மெதுவான தகவல் ஒயர் வழியாக நொடிக்குச் சில அளவுகளே வரும். திரையில் திராட்டில் சதவீதத்தை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துவிட்டால் கொஞ்சம் வேகம் கூடும்.

இன்னொன்று: சிக்னல் வரம்பைத் தாண்டிக் கீழே போனால் பி0122, மேலே போனால் பி0123 என்ற பழுதுக் குறியீட்டை ஈசியூ குறித்துக்கொள்ளும். வரம்புக்குள்ளேயே 1.2-இலிருந்து 0.7-க்குக் குதித்துத் திரும்பினால் பல வண்டிகளில் குறியீடு எதுவும் விழாது. குறியீடு இல்லை என்பதால் சென்சார் நல்லது என்று சொல்லவே முடியாது. ஆனாலும் ரோட்டில் ஓட்டிக்கொண்டே பதிவு செய்ய முடிகிற வசதி ஸ்கேனரில்தான் கைக்குச் சுலபம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

ஸ்கோப்

வோல்ட் நேரத்தோடு ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி இது. கையில் இருந்தால் இதற்குத்தான் என் ஓட்டு. சிக்னல் மெதுவானது என்பதால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஸ்கோப்பே தாராளம். ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், 200 மில்லிநொடி வைத்துக் கேபிளை மெதுவாக இழுத்தால் சாய்வான கோடு வரும். தேய்ந்த இடத்தில் அந்தக் கோட்டில் ஊசிபோல் ஒரு பள்ளமோ முனையோ நிற்கும். எப்போதாவதுதான் வருகிறது என்றால், ஐட்லிங் அளவைவிட 0.3 வோல்ட் கீழே, இறங்கும் விளிம்பில் டிரிக்கரை (எந்த அளவில் பதிவு தொடங்க வேண்டும் என்ற குறியை) வைத்து, ஒரு தடவை மட்டும் பிடிக்கும் முறையில் விட்டுவிடுங்கள். விழுந்த கணத்தில் திரை உறைந்து நிற்கும்.

இரண்டு சேனல் இருந்தால் இன்னும் ஒரு படி மேல். ஒன்றைச் சிக்னலிலும் இன்னொன்றை 5 வோல்ட்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் திராட்டில் சென்சார் குற்றவாளி இல்லை. பல வண்டிகளில் அதே 5 வோல்ட் மேப் சென்சாருக்கும் (இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) போகிறது. அங்கே ஒயர் உரசி ஷார்ட் ஆனாலும் பழி இங்கே விழும். சிக்னல் மட்டும் விழுந்து, அதுவும் கப்ளரையோ ஒயர் கட்டையோ ஆட்டும்போது விழுந்தால் ஒயரிங். எதையும் ஆட்டாமல், ஒரே திறப்பில் விழுந்தால் தடம். இந்த மூன்றையும் ஒரே மாட்டலில் பிரித்துக் காட்டுவது ஸ்கோப் மட்டும்தான்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால், ஹேர் டிரையரால் சென்சாரை மூன்று நான்கு நிமிடம் சூடாக்கிவிட்டு, கையில் உள்ள கருவியால் மறுபடி அதே சோதனையைச் செய்யுங்கள்.

சும்மா மாற்றிப் பார்ப்பது

வெட்டுகிறது என்றதும் சென்சாரை மாற்றிவிடும் பழக்கம் உண்டு. மாற்றும்போது கப்ளர் கழன்று மாட்டுவதால், கோளாறு கப்ளரில் இருந்தாலும் சில நாள் தீர்ந்ததுபோல் இருக்கும். பழுது தீர்ந்ததா, ஒளிந்ததா என்று பிரிக்க முடியாது. மலிவு டூப்ளிகேட் சென்சாரில் தொடக்க அளவே தவறியிருந்தால் ஐட்லிங்கும் கெடும். மேலே சொன்ன ஏதாவது ஒரு சோதனையில் தடம் தேய்ந்தது உறுதியான பிறகே காசு கொடுங்கள்.

மாற்றும்போது, ஸ்க்ரூ துளை நீள்வட்டமாக இருக்கும் சென்சார் என்றால் இரண்டு ஸ்க்ரூவையும் லேசாக விட்டு, மேனுவல் சொல்லும் ஐட்லிங் வோல்ட்டுக்குத் திருகி வைத்து முறுக்குங்கள். முறுக்கும்போதே அளவு நகரும், ஆகவே முறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். கேபிளை மூன்று தடவை முழுதாக இழுத்து விட்டால் ஒவ்வொரு தடவையும் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள்.