கார் டோரில் எதை ஒட்டலாம்: பியூட்டைலா, தார் ஷீட்டா, ஃபோமா, வினைலா?

டோர் ஸ்பீக்கரின் பாட்டு நன்றாகக் கேட்கவும் தகடு அதிராமல் இருக்கவும் டோருக்குள் ஒட்டுபவை இவை. ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கவும் செய்கிறது. டோரின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்க அலை வெளியே வந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் அடிபடுவது மிட்பேஸ், அதாவது அடிமட்ட பேஸுக்குச் சற்று மேலான தாழ்ந்த ஒலி. அதனால் ஷீட்டின் தரத்தைவிட அந்த ஓட்டைகள் அடைபட்டனவா என்பதுதான் பெரிய கேள்வி.

தார் ஷீட் விலை குறைவு. அதைத் தவிர அதில் சொல்ல நல்லது ஒன்றும் இல்லை. வெயிலில் டோர் கொதிக்கும்போது இளகும், நாறும், சில சமயம் கழன்று டோருக்குள்ளேயே விழும். விழுந்த துண்டு கண்ணாடி இறங்கும் வழியில் சிக்கினால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

பியூட்டைல் ஷீட் என்பது அலுமினியத் தாள் ஒட்டிய பிசுபிசுப்பான ரப்பர்; அது வேலை செய்வது மேலே உள்ள அந்தத் தாளால்தான். தகடு வளையும்போது நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, அதிர்வு வெப்பமாக மாறுகிறது. தாள் மெலிந்திருந்தால் ரப்பர் தகட்டோடு சேர்ந்தே ஆடும், பலன் குறைந்துவிடும். 2 மி.மீ. பியூட்டைலும் சுமார் 0.1 மி.மீ. தாளும் இருந்தால் போதும். வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டாம். நடுப்பகுதியில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினால் தட்டும்போது 'டங்' என்ற ஒலி 'டொக்' என்று மாறிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது கீலுக்குப் பாரம்.

ஒட்டும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் துடைக்க வேண்டும். ஒட்டியபின் ரோலரால் தாளின் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும்; வரி தெரிகிறது என்றால் இன்னும் ஒட்டவில்லை. குமிழ் வந்தால் பிளேடால் குத்திவிட்டு உருட்டலாம். தாளின் ஓரம் கத்திபோல் கையைக் கிழிக்கும், கையுறை கட்டாயம். டோரின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது. அவை அடைபட்டால் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

உள்தகட்டு ஓட்டைகளை அடைக்க இரண்டு வழி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓட்டைக்குப் பியூட்டைல் மட்டும் போதும். அதைவிடப் பெரியதென்றால் ஷீட் பறைத்தோல்போல் தானே அதிரும். அங்கே ஓட்டையைவிட 2 செ.மீ. பெரிதாக வெட்டிய 1 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பியூட்டைல் கயிறு வைத்து ஸ்க்ரூ போடுவதே சரி. பின்னாளில் கண்ணாடி மோட்டார் பழுதானால் கழற்றவும் முடியும். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் தாள் தண்ணீரைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. உள்தகட்டில் ஏற்கெனவே கெட்டியான பிளாஸ்டிக் பலகை பொருத்திய கார்களில் வயர் போகும் இடைவெளிகளை அடைத்தால் பெரும்பாலும் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் டோருக்குள்ளேயே இருக்கும். அப்படியென்றால் டோரை இறுக்கமாக அடைக்கும் யோசனையைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

ஃபோம் அதிர்வைக் குறைக்காது. டோர் பேடும் (டோரின் உள்பக்க மூடி) தகடும் உரசிக் கடகடப்பதை நிறுத்துவதே அதன் வேலை. தண்ணீர் குடிக்காத மூடிய அறை (closed-cell) ஃபோம்தான் வேண்டும், 5 மி.மீ. போதும், தடித்தால் கிளிப் உட்காராது. ஸ்பீக்கர் விளிம்புக்கும் டோர் பேட் கிரில்லுக்கும் நடுவே ஃபோம் வளையம் வைத்தால் ஒலி பேடுக்குள் கசியாமல் நேராகக் கேபினுக்கு வரும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் இல்லை.

கனமான வினைல் (எடை கூட்டிய வளையும் பிளாஸ்டிக் ஷீட்) சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. சாலைச் சத்தத்தைத் தடுக்கும், ஆனால் இடைவெளி இல்லாமல் மூடினால்தான். கைப்பிடி, வயர், லாக் கம்பி என்று ஓட்டைகள் நிறைந்த டோரில் அது கஷ்டம். பாட்டுக்காக மட்டும் என்றால் இதில் காசு போட வேண்டாம்.

பேடை மாட்டும் முன் கண்ணாடியை முழுதாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். பிறகு 50 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓடவிட்டு, கடகடக்கும் இடத்தை விரலால் அழுத்தித் தேடுங்கள். பெரும்பாலும் மாட்டுவது லாக் கம்பிதான். ஃபெல்ட் டேப் இரண்டு சுற்றுச் சுற்றினால் அடங்கிவிடும்.