லுனுமிதெல்லயில் 3 கிலோ பேஸ் கிட்டார்: மொறட்டுவை மரக்காலைகளில் கிடைக்கும் பலகை எப்படி?

கடையில் தொங்கும் நான்கு தந்தி பேஸ் கிட்டார்களில் பல 4 கிலோவைத் தாண்டியவை. நின்றபடி இரண்டு மணி நேரம் வாசிப்பவரின் இடது தோளுக்கு இது பெரிய சுமை. எடை குறைந்த பேஸ் ஒன்றைக் கொழும்பிலேயே செய்விக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது லேசான வெளிநாட்டு மரங்களான சுவாம்ப் ஆஷும் பாலோனியாவும் எங்கே கிடைக்கும் என்றுதான். அவற்றைத் தேடி அலையத் தேவையில்லை. வீட்டுச் சீலிங்குக்கு அடிக்கும் லுனுமிதெல்ல, அதாவது மலைவேம்பு, கிட்டாரின் உடலுக்கு மிக நல்ல மரம். முன்பு வள்ளங்களின் பக்க மிதவைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் இதைப் பயன்படுத்தியதற்குக் காரணமே அதன் எடைதான்.

நன்கு காய்ந்த லுனுமிதெல்ல கன மீட்டருக்கு 400 கிலோ அளவில் நிற்கும். மகோகனி 550க்கு மேல், தேக்கு 650 அளவில். அல்பீசியா இதைவிட லேசானதுதான், விலையும் குறைவு. ஆனால் அது நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம், திருகாணியும் பிடிக்காது. பேஸ் செய்ய அதை வாங்க வேண்டாம்.

மொறட்டுவை மரக்காலைகளில் கேட்க வேண்டிய அளவு 2 அங்குலத் தடிப்பு, 7 அங்குல அகலம், 42 அங்குல நீளம். அதை நடுவில் வெட்டி இரண்டு துண்டையும் பக்கவாட்டில் ஒட்டினால் 14 அங்குல அகலத்தில் ஒரு உடலுக்கான பலகை கிடைத்துவிடும். மொத்தம் 0.34 கன அடிதான் என்பதால் சில இடங்களில் வெட்டிக் கொடுக்கத் தயங்குவார்கள். மிச்சத்துண்டுக் குவியலைக் கேட்டுப் பாருங்கள், இந்த அளவு அங்கேயே கிடைக்கக்கூடும். கையில் ஒரு தொங்கு தராசு கட்டாயம் இருக்கட்டும். முழு அளவில் உள்ள இந்தப் பலகை 3.9 கிலோ காட்டினால் எடுக்கலாம். 4.3 கிலோவுக்கு மேல் போனால் ஒன்று ஈரம், இல்லாவிட்டால் அடர்ந்த மரம். இரண்டுமே நமக்கு ஆகாது.

மரக்காலைகளின் சேவையில் பாராட்ட வேண்டியது வாள் வேலையும் இயந்திரச் சீவலும். விளிம்பு நேராக வருகிறது, ஒட்டுவதற்கு முன் கையால் ஒரு முறை சீவுளி பிடித்தால் போதும். குறை, 'காய்ந்த மரம்' என்று சொல்லப்படுவதை நம்ப முடியாமை. தளபாடக்காரருக்குக் காய்ந்தது கிட்டார் வேலைக்குக் காய்ந்தது ஆகாது. கொழும்பின் காற்றில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகையின் ஈரப்பதம் 14, 15 சதவீதத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. அந்த நிலையில் செய்த உடலை ஏசி அறையில் வைத்தால் ஒட்டிய கோடு பூச்சின் மேலே தெரியத் தொடங்கும், கழுத்து உட்காரும் குழியும் இறுகும். எனவே பலகையை வாங்கியதும் இடையில் குச்சி வைத்து அடுக்கி, ஏசி ஓடும் அறையில் விட்டு, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து ஒரே எடை வந்தால் வேலையைத் தொடங்கலாம். வெளிர் நிற வெளிமரம் அகலமாக உள்ள பலகையைத் தவிர்க்க வேண்டும், மரத்தூள் கொட்டும் வண்டு முதலில் பிடிப்பது அதைத்தான். போரக்ஸ், போரிக் அமிலம் சேர்ந்த கரைசலில் பதப்படுத்திய பலகை கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.

உடலின் தடிப்பு 38 மில்லிமீட்டர் போதும். வழமையான 44, 45 தேவையில்லை. கழுத்துக் குழி 16 மில்லிமீட்டர் ஆழம் போனாலும் அடியில் 22 மில்லிமீட்டர் மிஞ்சும். உள்ளே அறைகள் குடைந்து எடை குறைக்கும் வழக்கத்தை இந்த மரத்தில் பின்பற்ற வேண்டாம். குறைவது சில நூறு கிராம்தான், இழப்பது உடலின் பலம். மரம் குடையும் ரவுட்டரை ஓட்டும்போது, கழுத்தின் இருபுறமும் நீளும் கொம்புகளின் நுனியில் நார் பிய்ந்து வரும். கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு வாளால் அறுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்காமல் புதிய பிட்டால் ஓட்டினால் பிய்ப்பு குறையும்.

மென்மை இந்த மரத்தின் உண்மையான பலவீனம். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் திருகாணிகளை நேரே லுனுமிதெல்லயில் ஏற்றினால் சில மாதத்தில் துளை தளரும். பிரிட்ஜுக்கு அடியில் நீளம் 100, அகலம் 60, தடிப்பு 12 மில்லிமீட்டர் உள்ள மகோகனித் துண்டைப் பதித்து ஒட்டுங்கள். இதனால் கூடும் எடை 15 கிராம்கூட இல்லை. பட்டி மாட்டும் இரண்டு குமிழ்களுக்கும் 10 மில்லிமீட்டர் மகோகனி முளை வேண்டும். கழுத்தைப் பிடிக்கும் உலோகத் தகடு மரத்துக்குள் அமிழும் என்பதால் அதற்கடியிலும் 4 மில்லிமீட்டர் கடின மரம் பதிப்பது நல்லது. முன்பக்கம் முழுவதும் 5 மில்லிமீட்டர் பலாப் பலகை ஒட்டுவதும் உண்டு. மொத்தத் தடிப்பை 38 மில்லிமீட்டரிலேயே வைத்தால் ஏறக்குறைய 90 கிராம் கூடும், ஆனால் விரல் நகமும் தந்தி மீட்டும் பிக்கும் பட்டு வரும் பள்ளங்கள் நின்றுவிடும். மஞ்சள் நிறமும் அழகாக முதிரும். அந்த 90 கிராமுக்குத் தகுந்த பலன் உண்டு.

கழுத்தை லுனுமிதெல்லயில் செய்யவே கூடாது. மகோகனியில், கழுத்தின் வளைவை இருபக்கமும் திருத்தும் உலோகத் தண்டும் (ட்ரஸ் ராட்) இரண்டு கார்பன் தண்டுகளும் வைத்துச் செய்தால் 800 கிராமில் முடியும். விரல் பதியும் மேற்பலகையான ஃப்ரெட்போர்டுக்குக் கருங்காலி கேட்பார்கள். அது பாதுகாக்கப்பட்ட மரம், பழைய தளபாடத்திலிருந்து வந்தாலொழிய தொடாதீர்கள். பழைய வீட்டு நிலையிலிருந்து கழற்றிய முதிரை அதற்குச் சரியான மாற்று, தேய்மானமும் குறைவு. முதிரைத் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

உடல் லேசானால் கழுத்துப் பக்கம் கீழே சரியும். இந்தத் திட்டத்தில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மேல் கொம்பின் குமிழ் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே வரும்படி வரையுங்கள். 34 அங்குல ஸ்கேலில் (தந்தியின் அதிரும் நீளம்) அது பிரிட்ஜிலிருந்து 432 மில்லிமீட்டர். தந்தியை முறுக்கும் வழமையான டியூனிங் கீ ஒன்று 100 கிராம் அளவில் வரும், ஹிப்ஷாட் அல்ட்ராலைட் போன்ற லேசான கீகள் ஏறக்குறைய 60. நான்கிலும் சேர்த்து நுனியில் குறையும் 160 கிராமை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டுமானால் பிரிட்ஜ் பக்கம் 200 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். ஆகவே காசை முதலில் கீகளில் போடுங்கள். பிரிட்ஜ் சாதாரண வளைத்த தகடே போதும், கனமான பித்தளை பிரிட்ஜ் இந்த வேலையின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

உடல் 1.3 கிலோ, கழுத்து 0.8, கீகள் 0.24, பிரிட்ஜ் 0.2, தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்-அப்பும் மின்பகுதியும் 0.3, தந்தி, திருகாணி, பூச்சு 0.2. கூட்டினால் 3 கிலோவைச் சற்றே தாண்டும்.

மின்பகுதிக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. 250 கிலோ ஓம் பொட் (குமிழால் திருகும் மாறு மின்தடை) கேட்கும்போது ஒலியளவுக்கான லாக் வகைதான் வேண்டுமென்று அழுத்திச் சொல்லுங்கள், லீனியர் வகையைத் தந்துவிடுவார்கள். அதைப் போட்டால் குமிழின் தொடக்கத்திலேயே சத்தம் முழுதாக ஏறிவிடும். டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

பூச்சில் மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளின் கை சுத்தம், வழவழப்பில் குறை சொல்ல முடியாது. என்றாலும் அவர்கள் அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் இந்த மென்மரத்தைக் காக்காது. முதலில் மெல்லிய எபொக்சி இரண்டு கை, அதன் மேல் வாகனங்களுக்கு அடிக்கும், இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் டூ-பேக் பொலியூரிதேன். லேக்கர்தான் வேண்டுமென்றால் ஒக்டோபர், நவம்பர் மழைநாட்களில் அடிக்க விடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பூச்சு பால்போல் வெளுக்கும். அவசரமானால் மெதுவாக உலரும் தின்னர் கலக்கச் சொல்லி, வெயில் ஏறிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.